சங்கும் புட்டியும் நன்னீரும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பெருமுக்கல் என்றொரு குன்று நிற்கிறது. வரலாற்று ஆர்வலர்கள் அங்கே மூன்று காரணங்களுக்காகச் செல்வதுண்டு. குகைப் பாறையில் கீறப்பட்ட தொன்மையான உருவங்கள் முதலாவது. சோழர் காலக் கல்வெட்டுகளோடு மலைமேல் அமைந்த சிவன்கோயில் இரண்டாவது. 1760-இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து அயர் கூட் கைப்பற்றிய கோட்டையின் எச்சங்கள் மூன்றாவது. ஊர்மக்களுக்கோ அந்த மலையின் பெருமை வேறு. அங்குள்ள குகைக்குச் சீதை குகை என்று பெயர். காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதை இலவனையும் குசனையும் ஈன்றது அவ்விடத்தில்தான் என்பது வழிவழியாக வரும் வழக்கு. ஒரு தாய், துணையற்ற காடு, இரண்டு பச்சிளங்குழந்தைகள். பால் போதியதா, போதாதபோது எதில் எடுத்து ஊட்டினாள் என்று எந்தப் புராணமும் கேட்பதில்லை. நாம் இங்கே கேட்க முற்படுவது அந்தக் கேள்வியைத்தான். தாயின் மார்புக்கும் குழந்தையின் வாய்க்கும் இடையில் ஒரு பாத்திரம் வந்து அமர்ந்த வரலாறு, அரசர் வரலாற்றைக் காட்டிலும் அதிக உயிர்களைத் தொட்டது என்பது நம் கருத்து.

இந்தக் கடற்கரை சங்க இலக்கியத்துக்குப் புதியதன்று. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு இதுதான். அவனுடைய எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியது என்றும் அறிஞர் கொள்வர். அந்தப் பாட்டில் பாணனின் வறுமையைச் சொல்ல வந்த புலவர் முதலில் காட்டுவது அவன் வீட்டு நாயை. குட்டி ஈன்ற நாய். இன்னும் கண் திறவாத, செவி சாய்ந்த குட்டிகள் பால் சுரவாத முலையைப் பற்றி இழுக்கின்றன. வலி பொறுக்காமல் அது பாழடைந்த அடுக்களையில் குரைக்கிறது. அதன் பின்னரே வீட்டுப் பெண் வருகிறாள்; குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி உப்பின்றி வேகவைக்கிறாள். உப்பு விளையும் நாட்டின் தலைவனைப் பாடிய பாட்டில் உப்பில்லாக் கீரை! புறநானூற்றின் 164-ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் சொல்லும் நிலை இன்னும் கொடியது. சுவைக்கும்தோறும் பால் பெறாமல் அழும் குழந்தையின் முகத்தைத் தாய் பார்க்கிறாள். அவள் கண்ணீரைக் கணவன் பார்க்கிறான். வறுமைக்குத் தமிழ்ப் புலவர்கள் கண்ட அளவுகோல் வற்றிய மார்பு என்றே சொல்லலாம்.

பாத்திரத்தில் பால் ஊட்டும் காட்சியும் நம் இலக்கியத்தில் உண்டு. ஆனால் அது செல்வர் வீட்டுக் காட்சி. நற்றிணை 110-இல் செவிலி தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்திக்கொண்டு, உண்ண மறுத்து ஓடும் சிறுமியின் பின்னால் தளர்ந்து நடக்கிறாள். சீகாழியில் உமையம்மை ஞானசம்பந்தருக்குப் பாலூட்டியதும் பொற்கிண்ணத்தில்தான். பொன் இல்லாத வீடுகளில் என்ன செய்தார்கள்? விடை பட்டினத்தார் பெயரில் வழங்கும் ஒரு பாட்டில் இருக்கிறது. மனித வாழ்வை அது மூன்று சங்குகளாகப் பிரிக்கிறது: முதற்சங்கு பாலூட்டும், நடுச்சங்கு மணவாழ்வில் பூட்டும், கடைச்சங்கு சாவில் ஊதும். உலகியல் நிலையாமையைச் சொல்ல வந்தவர் முதல் சங்கை விளக்க நிற்கவில்லை. விளக்க வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு அது வீடுதோறும் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சங்கடை, பாலாடை, பால்சங்கு என்று வட்டாரத்துக்கு ஒரு பெயர். சிறிய சங்கின் விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிட்டால், அதன் நீண்ட மூக்கே பால் வழியும் வாயாகிவிடும். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். சங்கு குளித்தல், வளையல் அறுத்தல், வழிபாடு என்று நீளும் அந்நூலில் குழந்தைக்குப் பாலூட்டும் சங்குக்கும் இடமுண்டு. பின்னர் அதே வடிவத்தை வெண்கலத்திலும் பித்தளையிலும் வார்த்தார்கள். இன்று எவர்சில்வரில் அடிக்கிறார்கள். தாய்மாமன் சீர்த்தட்டில் வெள்ளிச் சங்கு வைக்கும் வழக்கம் இன்றும் மறையவில்லை. சிறுபாணாற்றுப்படையிலேயே கொற்கைப் பகுதியைச் சொல்லுமிடத்தில் உப்பு வணிகரான உமணரின் பிள்ளைகள் சிப்பிக்குள் முத்தையிட்டுக் கிலுகிலுப்பை ஆடுகிறார்கள். உடன் ஆடுவது குரங்கு. கடலோரக் குழந்தைக்கு ஓடு விளையாட்டுப் பொருளாகவும் உண்கலமாகவும் இருந்திருக்கிறது.

சங்கு குற்றமற்றது என்று நாம் வாதாட வரவில்லை. உரைகல்லில் இழைத்த வசம்பையும் சாதிக்காயையும் மாசிக்காயையும் அதில்தான் புகட்டினார்கள். குழந்தையின் கையைக் காலை இறுக்கிப் பிடித்து, அழும் வாயில் ஊற்றி, புரையேறிப் பால் நுரையீரலுக்குள் போன கதைகள் எந்தக் குழந்தை மருத்துவரிடமும் கிடைக்கும். பிறந்தவுடன் வரும் சீம்பாலைக் கறந்து கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சங்கில் கொடுத்த கொடுமையும் நடந்தது. ஆயினும் அதற்கு ஒரு நற்குணம் இருந்தது. அது திறந்த பாத்திரம். விரலை விட்டுத் துடைக்கலாம். அழுக்கு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். கவிழ்த்து வைத்தால் வெயிலில் காய்ந்துவிடும். இந்த எளிய குணத்தின் அருமை, அது இல்லாத பாத்திரங்கள் வந்த பிறகுதான் விளங்கியது.

பாலூட்டும் கலங்கள் உலகெங்கும் பழையவை. ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் குழந்தைகளின் புதைகுழிகளில் கிடைத்த, மூக்கு வைத்த சிறு மட்கலங்களில் விலங்குப் பாலின் கொழுப்பு ஒட்டியிருந்ததை 2019-இல் ஆய்வாளர் கண்டறிந்தனர்; அக்கலங்கள் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுப் பழமையுடையவை. ஆனால் நாம் அறிந்த புட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிள்ளை. 1845-இல் நியூயார்க்கில் எலைஜா பிராட் ரப்பர்க் காம்புக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்து வந்தது நீண்ட ரப்பர்க் குழாய் பொருத்திய கண்ணாடிப் புட்டி. தொட்டிலில் புட்டியைக் கிடத்திக் குழாயைக் குழந்தையின் வாயில் வைத்துவிட்டால் போதும். யாரும் ஏந்திக்கொண்டிருக்க வேண்டாம். தாய்க்குக் கை ஓய்ந்தது. குழாயின் உட்புறத்தில் பால் புளித்தது. தேய்த்துக் கழுவ எந்தத் தூரிகையும் அதற்குள் நுழையாது. போதாக்குறைக்கு, இங்கிலாந்தின் இல்லத்தரசியர் வேதமெனக் கொண்ட பீட்டன் அம்மையாரின் 1861-ஆம் ஆண்டு நூல், ஒருமுறை கட்டிய காம்பை வாரக்கணக்கில் கழற்ற வேண்டியதில்லை என்று அறிவுரை கூறியது. மக்கள் அந்தப் புட்டிக்குக் கொலைகாரப் புட்டி என்றே பெயர் வைத்தனர். பிரான்ஸ் 1910-இல் அதைச் சட்டமிட்டுத் தடை செய்தது.

அதற்கு மாற்றாக வந்ததே இருமுனையும் திறந்த, தோணி வடிவக் கண்ணாடிப் புட்டி. ஒரு முனையில் காம்பு, மறுமுனையில் மூடி. இரண்டையும் கழற்றிவிட்டால் தண்ணீர் குறுக்கே பாய்ந்து கழுவிவிடும். அரை நூற்றாண்டு உயிர்ப்பலிக்குப் பிறகு ஐரோப்பா கண்டுபிடித்தது இதைத்தான்: பாத்திரம் திறந்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பாட்டிக்கு இது தெரிந்திருந்ததா என்றால், அறிவாகத் தெரியாது, பழக்கமாகத் தெரியும்.

சென்னை மாகாணத்துக்குப் புட்டி வந்த பாதை வேறு. வெள்ளைக்காரர் வீடுகளில் முதலில் புட்டி இல்லை; பெண்கள் இருந்தார்கள். பாலூட்டக் கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்ணை அவர்கள் 'ஆமா' என்றழைத்தனர். ஆங்கிலோ-இந்தியச் சொற்களைத் தொகுத்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி, அச்சொல் சென்னை, பம்பாய்ப் பகுதிகளில் செவிலிக்கு வழங்கியதைப் பதிவு செய்திருக்கிறது. சங்க மரபின் ஐவகைத் தாயரில் ஊட்டுந்தாய்க்கு ஒரு மதிப்பு இருந்தது. மாகாணத்து ஊட்டுந்தாய்க்குச் சம்பளம் இருந்தது. அவளுடைய சொந்தக் குழந்தை அந்நேரம் எதைக் குடித்தது என்பதை எழுத ஆளில்லை. நாம் ஊகிக்கத்தான் முடியும். பெரும்பாலும் சங்கில் கஞ்சித்தண்ணீர்.

பிறகு டப்பா வந்தது. சுவிட்சர்லாந்தில் ஹென்றி நெஸ்லே 1867-இல் தம் பால்மாவை உருவாக்கினார். அதற்கு முந்தைய ஆண்டில் தொடங்கிய ஆங்கிலோ-சுவிஸ் நிறுவனம் சர்க்கரையிட்டுச் சுண்டவைத்த பாலை விற்றது. 1905-இல் இரண்டும் இணைந்து, 1912 முதல் இந்தியாவில் வணிகம் செய்தன. சுண்டிய பால் கெடாது, இனிக்கும், விலையும் தாங்கக்கூடியது. குழந்தை வளர்வதற்குத்தான் அது போதாது. தமிழர் பெருந்தொகையாகக் குடியேறியிருந்த சிங்கப்பூரில், செவிலியர் போல உடையணிந்த விற்பனைப் பெண்கள் புதிதாய்ப் பிரசவித்தவர்களிடம் இத்தகைய பாலைப் பரிந்துரைத்ததைக் கண்டு கொதித்தவர் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ். 1939-இல் அந்நகர ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு 'பாலும் கொலையும்'. அறியாமல் செய்தாலும் இது கொலைக்கு நிகர் என்பதே அவ்வுரையின் சாரம். வணிகப் பிரமுகர்கள் கூடியிருந்த அவையில் அதைச் சொல்லத் துணிவு வேண்டியிருந்திருக்கும்.

விடுதலைக்குப் பின் இதே டப்பா தேசப் பெருமையாயிற்று. எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யவியலாது என்று வெளிநாட்டு வல்லுநர் சொல்லிக்கொண்டிருக்க, மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தார் செய்து காட்டினர். 1960-ஐ ஒட்டி அமுல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்நியச் செலாவணி மிஞ்சியது. குஜராத்தின் உழவர்களுக்கு வருவாய் கூடியது. அதில் நாம் குறைகாண மாட்டோம். ஆனால் விளம்பரத்துக் குழந்தையின் உப்பிய கன்னம் தமிழ்நாட்டுத் தாய்மாரின் மனத்தில் ஓர் அளவுகோலாகப் பதிந்துவிட்டது. 'அமுல் பேபி' என்பது தமிழ்ப் பேச்சிலேயே ஒரு சொல்லாகிவிட்டது. அகராதிக்காரர்கள் இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை என்றால் சேர்த்துக்கொள்ள வேண்டும். புட்டிப்பால் குடிக்கும் பிள்ளை வசதியான வீட்டுப் பிள்ளை என்ற எண்ணமும், மார்பில் பால் கொடுப்பது பட்டிக்காட்டுப் பழக்கம் என்ற எண்ணமும் ஒரே காலத்தில் வளர்ந்தன.

இந்நிலையில் உலகின் பல பகுதிகளிலிருந்து எதிர்க்குரல் எழுந்தது. 1974-இல் மைக் முல்லர் எழுதிய ஒரு சிறு வெளியீடு ஏழை நாடுகளில் பால்மா விற்பனை குழந்தைகளைக் கொல்வதைக் குற்றஞ்சாட்டியது. 1977-இல் அமெரிக்காவில் புறக்கணிப்பு இயக்கம் தொடங்கியது. 1981 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலகச் சுகாதாரப் பேரவை, தாய்ப்பால் மாற்றுகளின் விற்பனை நெறிகளை 118 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்த ஒரே நாடு அமெரிக்கா. அதே பேரவையில் இந்திரா காந்தி உரையாற்றினார். இந்தியா 1983-இல் தனக்கென ஒரு நெறித்தொகுப்பை வகுத்து, 1992-இல் அதைச் சட்டமாக்கியது. 1993 ஆகஸ்ட் முதல் நாள் நடைமுறைக்கு வந்து 2003-இல் மேலும் இறுக்கப்பட்ட அச்சட்டத்தின் பெயரிலேயே பால்மாவோடு புட்டியும் இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. புட்டிக்கு விளம்பரம் கூடாது. இலவச மாதிரி கூடாது. டப்பாவின் மேல் குழந்தையின் படமோ தாயின் படமோ கூடாது. கன்னம் உப்பிய குழந்தை டப்பாவிலிருந்து இறங்கிப் போனது இவ்வாறுதான்.

இனி உப்பளத்துக்கு வருவோம். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்துத் தமிழகத்தில் எண்ணப்படுவது மரக்காணத்து உப்பளம். வெயில் ஏறுமுன் வேலை தொடங்கிவிடும். பாத்தியிலிருந்து வாரிய உப்பை வரப்புவழியே தலைச்சுமையாகக் கொண்டு கொட்டுவதில் பெண்களின் பங்கு பெரிது. கைக்குழந்தை வீட்டில் பாட்டியிடமோ மூத்த பெண்ணிடமோ இருக்கும். புட்டி இங்கே நாகரிகத்தால் நுழையவில்லை; நேரத்தால் நுழைந்தது. இதை மறந்துவிட்டு, தாய்ப்பாலின் பெருமையை மேடையில் பேசுவோர் மீது நமக்குச் சற்று எரிச்சல் உண்டு.

புட்டி தன்னைத் தூய்மையாக வைத்துக்கொள்ள மூன்றைக் கேட்கிறது: நல்ல தண்ணீர், விறகு, நேரம். உப்பு விளையும் நிலத்தில் நன்னீர் எளிதில் கிடைப்பதன்று. குடத்தில் கொண்டுவந்த நீரில் முதலிடம் உலைக்கும் குடிக்கவும். புட்டியைத் தூரிகையிட்டுக் கழுவி, மூழ்கும்வரை நீர்விட்டுக் கொதிக்கவைப்பது அதற்குப் பின்னர்தான். பால்மா கிருமியற்ற பொருள் அன்று. எழுபது பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டுநீரில் கலந்து, கைபொறுக்க ஆறவைத்து உடனே ஊட்டவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வழிகாட்டியது. கலந்து இரண்டு மணி நேரம் கடந்தால் கொட்டிவிட வேண்டும். கூலி வாங்கி டப்பா வாங்கிய வீட்டில் யார் கொட்டுவார்? மிஞ்சியதை மூடிவைத்து அடுத்த அழுகைக்குக் கொடுப்பார்கள். ஒரு வாரத்துக்கு உரிய மாவை இரு வாரத்துக்கு நீட்டத் தண்ணீர் கூடும்; குழந்தையின் வயிறு நிரம்பும், உடல் தேறாது. நம் புலவர் கண்ட வறுமுலையின் புதிய வடிவம் இது.

இதில் இன்னொரு சுழலும் இருக்கிறது. ஓரளவு நலிந்த தாய்க்குக்கூடப் பால் சுரக்கும். குழந்தை சுவைக்கச் சுவைக்கவே சுரக்கும். பகல் முழுதும் குழந்தை புட்டியில் குடித்தால் மார்பு தன் அளவைக் குறைத்துக்கொள்கிறது. சில வாரங்களில் 'எனக்குப் பால் இல்லை' என்று தாய் சொல்வது உண்மையாகிவிடுகிறது. பால் இல்லாததால் புட்டி வந்தது என்று வீட்டார் நினைப்பர். பல வீடுகளில் நிகழ்வது தலைகீழ்.

அப்படியானால் புட்டியே வேண்டாமா என்று வாசகர் கேட்கலாம். தாய் இறந்துபோன வீடுகள் உண்டு. மருத்துவக் காரணங்கள் உண்டு. அப்போது தேர்வில் கவனம் வேண்டும். விரலோ தூரிகையோ அடிவரை செல்லும் அகன்ற வாய், மூலைமடிப்பில்லாத உட்புறம், கண்ணாடி அல்லது எவர்சில்வர். நெகிழியானால் தர முத்திரை பார்த்து வாங்க வேண்டும். பாலிகார்பனேட் புட்டிகளில் இருந்த பிஸ்பீனால்-ஏ என்னும் வேதிப்பொருள் காரணமாக 2015-இல் இந்தியத் தர நிர்ணயத்திலிருந்து அந்நெகிழி நீக்கப்பட்டது. படம் வரைந்த, வளைவு நெளிவான புட்டிகளைத் திருவிழாக் கடையிலேயே விட்டுவிடலாம். கீறல் விழுந்த காம்பைத் தூக்கி எறிவதில் சிக்கனம் பார்க்கலாகாது. புட்டியைத் தலையணையில் சாய்த்துவைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவது, அந்தப் பழைய குழாய்ப் புட்டிக்குத் திரும்பிப் போவதாகும்.

ஆனால் மருத்துவர்கள் இன்று முதலில் சொல்லும் மாற்று புட்டியன்று, நம் பாலாடை. இந்திரா நாராயணன் உள்ளிட்ட இந்திய மருத்துவர்கள் பச்சிளங்குழந்தைகளிடம் புட்டி, கிண்ணம், பாலாடை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 1999-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குறைந்த நேரத்தில், குறைந்த சிந்தலோடு, அதிகப் பாலைக் குழந்தைகள் குடித்தது பாலாடையில். எடை குறைந்து பிறந்து, சப்பத் தெம்பில்லாத குழந்தைகளுக்குத் தாயின் பாலைக் கறந்து பாலாடையில் ஊட்டும் முறை இந்திய மருத்துவமனைகளில் நிலைபெற்றுவிட்டது. மருத்துவ இதழ்கள் அந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதுகின்றன. சங்கில் புகட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு: குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரம் சிறிது சிறிதாக விட்டு, விழுங்கும்வரை காத்திருக்கக் கற்றுத்தருகிறார்கள். பாட்டியின் பாத்திரம் மீண்டது. அவளுடைய அவசரம் மீளவில்லை.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. இருந்தும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெற்றோர் இந்திய அளவில் நூற்றுக்கு 64 பேராக இருக்க, தமிழ்நாட்டில் 55 பேரளவே. படிப்பும் மருத்துவமனையும் முந்திய மாநிலம் இதில் பிந்தியிருப்பது நம்மைப் போன்ற ஆசிரியர்களையும் உறுத்த வேண்டும். 1961-இல் இயற்றப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை வேலைநேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளைகளை வகுத்தது. அது வருகைப்பதிவேடு உள்ள இடத்துக்கான சட்டம். அன்றாடக் கூலிக்கு உப்புச் சுமப்பவளுக்கு இடைவேளை என்பது கூலி குறைவது. 2015 ஆகஸ்டில் தமிழகப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நல்ல செயல். உப்பளத்தில் அறை இருக்கட்டும், நிற்க ஒரு மரநிழல் இல்லை. உவர்மண்ணில் மரம் வளர்வதில்லை.

பெருமுக்கல் பக்கத்திலிருந்து படிக்க வரும் மாணவியரிடம் தம் பாட்டிமாரின் வழக்கத்தைக் கேட்டுவரச் சொன்னபோது ஒன்றை அறிந்தோம். உச்சிவேளையில் மூத்த பிள்ளை கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரப்புக்கு வரும். தாய் சுமையை இறக்கிவிட்டு, தலைத்துணியை விரித்து நிழல் செய்து உட்காருவாள். கையிலும் மார்பிலும் உப்புப் பொருக்கு. முதலில் அதைக் கழுவியாக வேண்டும். அதற்கென்று வீட்டிலிருந்து ஒரு செம்பு நல்ல தண்ணீரும் குழந்தையோடு கூடவே வருமாம்.